ஐம்பது கேபிக்குள் ஒரு முகம்

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு ஸ்டுடியோ. நடத்துகிறவர் ரெக்ஸ்லின் என்ற பெண், வயது முப்பத்திரண்டு. அவரிடம் தொழில் கற்க வந்த சீடருக்கு வயது ஐம்பத்தொன்று. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

சீடர் பெயர் பிச்சைக்கனி. இருபத்தாறு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். முதுகு மக்கர் செய்ததும் டாக்டர் அவரைக் கீழே இறக்கிவிட்டார். ஆறே மாதத்தில் கேமரா பிடிக்கவும் படத்தைத் திருத்தவும் கற்றுக்கொண்டார்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. வேலை முடிந்து படத்தை வெளியே அனுப்பும்போது கம்ப்யூட்டர் ஒரு பட்டியலைக் காட்டும். ஜேபெக், பிஎன்ஜி, டிஃப். ஜேபெக்கைத் தொட்டால் தரம் எவ்வளவு என்று ஒரு கோடு வரும். கோட்டை வலது பக்கம் தள்ளினால் படம் துல்லியம், கோப்பு யானை கனம். இடது பக்கம் தள்ளினால் கோப்பு பஞ்சு, படம் பாழ்.

"எது நல்லது டீச்சர்? ஒரே பதிலா சொல்லுங்க, எழுதி வச்சுக்கிடுதேன்."

"யாருக்கு அண்ணாச்சி?" என்பார் ரெக்ஸ்லின்.

அதோடு பேச்சு முடிந்துவிடும். பிச்சைக்கனிக்குச் சுருக்கென்று கோபம் வரும். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்பவர்களைக் கண்டால் அவருக்கு எப்போதுமே ஆகாது.

ஒரு புதன்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்க ரெக்ஸ்லின் போயிருந்தார். அன்று காலை ஒரு சாவு வீட்டுக்குத் தனியாகப் போய்ப் படம் எடுத்து வந்திருந்தார் பிச்சைக்கனி. செலஸ்தீன் அம்மாள், எழுபத்துமூன்று வயது. திறந்த சவப்பெட்டியைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்று எடுத்துக்கொள்ளும் படம். நாற்பத்திரண்டு பேர். ஒரு முகம்கூட மறையவில்லை. எடுத்தவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

பதினோரு மணிக்கு அந்த அம்மாளின் மகள் ஜூடித் வந்தார்.

"அண்ணாச்சி, என் தம்பி கப்பல்ல இருக்கான். கரைக்கு வர ஏழு மாசம் ஆவும். அம்மா முகத்த ஒரு தடவ பாக்கணும்னு கேக்கான். நாலு மணிக்குப் பெட்டிய மூடிருவாக. அவன் மூணே முக்காலுக்கு இன்ஜின் ரூம்ல டூட்டிக்கு இறங்கணும். அதுக்குள்ள போய்ச் சேரணும்."

"இதோ அனுப்புதேன்மா."

"கப்பல் மெயில்ல அம்பது கேபிக்கு மேல ஏறாதாம்."

பிச்சைக்கனி தலையாட்டினார். ஆனாலும் தாயின் கடைசிப் படம் அல்லவா? மனசு கேட்கவில்லை. இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் பிஎன்ஜியாக எடுத்தார். முப்பத்தெட்டு எம்பி. அனுப்பிய வேகத்தில் திரும்பி வந்தது.

பிறகு ஜேபெக்குக்கு மாறி, கோட்டை இடது பக்கம் தள்ளினார். இன்னும் தள்ளினார். கடைசி வரை தள்ளிய பிறகு ஐம்பதுக்குள் வந்தது. நாற்பத்திரண்டு பேரையும் ஒரு பெட்டியையும் ஐம்பது கேபிக்குள் அடைத்தாயிற்று. இந்தத் தடவை போய்ச் சேர்ந்தது.

ஒரு மணிக்கு ஜூடித் திரும்பி வந்தார். செல்போனை நீட்டினார். தம்பி டெல்வின் எழுதியிருந்தான்: 'எல்லாம் கட்டம் கட்டமா இருக்குக்கா. இதுல அம்மா எங்க?'

பிச்சைக்கனி அதை இரண்டு தடவை படித்தார். ஒரு பெண்ணின் துக்கத்தில் தன் வேலைக்குறையையும் சேர்த்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

ரெக்ஸ்லின் வந்தபோது மணி இரண்டரை. டீச்சர் வரட்டும் என்று ஜூடித் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சீடர் மறைக்காமல் சொன்னார்.

"இதுக்கு மேல ஏதாச்சும் ஃபார்மேட் உண்டா டீச்சர்? கனமும் இருக்கக் கூடாது, தெளிவும் போவக் கூடாது."

"படத்தத் திறங்க. என்னென்ன இருக்கு, சொல்லுங்க."

"பெட்டி இருக்கு. பூ வளையம் ஒம்பது. மெழுகுவத்தி, பூப்போட்ட சாமியானாத் துணி. நாப்பத்திரண்டு பேரு."

"ஏன் வெட்டல?"

"சாவு வீட்டுப் படத்துல யாரை வெட்ட? மதினி ஒருத்திய வெட்டிட்டா பத்து வருஷத்துக்குப் பேச்சுவார்த்தை நின்னுபோவுமே!"

ரெக்ஸ்லின் ஜூடித்தைப் பார்த்தார். "தம்பி என்ன கேட்டான்?"

"அம்மா முகம்."

"மதினியக் கேட்டானா?"

அழுத கண்ணோடு ஜூடித் லேசாகச் சிரித்துவிட்டார். பிச்சைக்கனிக்குச் சிரிக்கத் தெம்பு இல்லை.

"வெட்டுங்க அண்ணாச்சி."

சாமியானா போனது. பூ வளையங்கள் போயின. நாற்பத்திரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகத் திரையை விட்டு வெளியேறினார்கள். செலஸ்தீன் அம்மாளின் முகமும், கழுத்தோரம் கொஞ்சம் ஊதாச் சேலையும், தலைக்குக் கீழே லேஸ் வைத்த தலையணையும், நெற்றியில் ஊன்றிய ஒரு கையும் மிஞ்சின. கை ஜூடித்துடையது.

"இப்ப எவ்வளவு?"

"எழுபத்தொண்ணு."

"தலையணை லேஸ மங்கலாக்குங்க. அதுல இருக்க ஒவ்வொரு ஓட்டையும் கோப்போட கனத்தக் கூட்டும்."

மங்கலாக்கினார். ஐம்பத்தேழு.

பிச்சைக்கனி தரக் கோட்டைத் தொட்டார். கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தியதுமே வாயோரத்துச் சுருக்கங்கள் திட்டுத்திட்டாகக் கரைந்தன. சட்டென்று பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். இந்தத் தடவை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சுவரில் மணி மூன்று பத்து.

"கைய வெட்டிட்டா அம்பதுக்குள்ள வந்துரும் டீச்சர். அவன் முகத்த மட்டும்தான கேட்டான்?"

ஜூடித் எழுந்தார். "வெட்டிருங்க அண்ணாச்சி. என் கை என்னத்துக்கு? அவன் அம்மாவப் பாத்தாப் போதும்."

ரெக்ஸ்லின் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். கை அழுத்தி வைக்கப்பட்டிருந்தது. காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

"நிறத்த எடுங்க" என்றார்.

"டீச்சர்?"

"கருப்பு வெள்ளையாக்குங்க. கை இருக்கட்டும்."

"அம்மா கட்டியிருக்கது அவன் எடுத்துக் கொடுத்த சேலையில்லா? அந்த ஊதா நிறம் தெரிய வேண்டாமா?" என்று கேட்டது பிச்சைக்கனிதான். காலையில் சாவு வீட்டில் பத்துப் பேர் அதைச் சொல்லி அழுததை அவர் கேட்டிருந்தார்.

"நிறம் அவன் மனசுல இருக்கு. எடுத்துக் கொடுத்தவனே அவன்தான். தொட்டுப் பாக்கத்தான் அவனால முடியல."

ஜூடித் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நிறம் போனது. நாற்பத்தொன்பது. பிச்சைக்கனி அனுப்பு என்ற இடத்தைத் தொடும்போது மணி மூன்று இருபது. முப்பது டன் கண்டெய்னரைக் கப்பலுக்குள் இறக்குகிற நிதானத்தோடு தொட்டார்.

மூவரும் காத்திருந்தார்கள். பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்க வந்த ஒருவரை, நாளைக்கு வாருங்கள் என்று ரெக்ஸ்லின் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

"எவ்வளவ இழந்துட்டோம் டீச்சர்?" என்று பிச்சைக்கனி மெதுவாகக் கேட்டார். "முப்பத்தெட்டு எம்பி எங்க, நாப்பத்தொம்பது கேபி எங்க?"

"அனுப்புதவங்களுக்கு அது தெரியாது அண்ணாச்சி. அவன் சொல்லட்டும்."

மூன்று முப்பத்தைந்து. ஒன்றும் வரவில்லை. மூன்று நாற்பதுக்கு ஜூடித் கையிலிருந்த செல்போன் அதிர்ந்தது. அவரால் படிக்க முடியவில்லை. ரெக்ஸ்லின் வாங்கிப் படித்தார்.

'அம்மாவப் பாத்துட்டேன்க்கா. தூங்குற மாதிரி இருக்கு. நெத்தியில இருக்கது உன் கைதான? நீ ஏதாச்சும் சாப்பிட்டியா?'

ஜூடித் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டவர், பெட்டிக்குச் சொன்னவர், கோயிலுக்கு ஆள் அனுப்பியவர். சாப்பிட்டாயா என்று அவரை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. ரெக்ஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார். பிச்சைக்கனி டீக்கடைக்கு ஓடிப்போய் டீயும் இரண்டு பன்னும் வாங்கி வந்தார். ஜூடித் ஒரு பன்னை முழுசாகத் தின்றார். பிறகு, பெட்டி மூடும் நேரமாகிவிட்டது என்று சொல்லி வேகமாக நடந்து போனார்.

இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள். மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்தது.

பிறகு பிச்சைக்கனி கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தார். திரையில் நாற்பத்திரண்டு பேரும், பூக்களும், ஊதாச் சேலையும் அப்படியே இருந்தன. காலையில் பெருமையாகத் தெரிந்த படத்தை இப்போது பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"இந்தப் பெரிய படத்த அழிச்சிரவா டீச்சர்? அவனுக்கு வேண்டியது போய்ச் சேந்துட்டு. இது சும்மா இடத்த அடைக்கு."

"வையுங்க அண்ணாச்சி. ஏழு மாசத்துல கரை இறங்கி வருவான். இங்க வந்து உக்காருவான். யார் யாரு வந்தாக, யார் அழுதாக, என்ன பூ போட்டீகன்னு ஒண்ணொண்ணா கேப்பான். அன்னைக்கு இந்த முப்பத்தெட்டு எம்பியும் அவனுக்குப் பத்தாது."