டக் சத்தம் வராத கேமரா

குருவுக்கு இருபத்தாறு வயது. சீடருக்கு ஐம்பத்து மூன்று. அதனால் குரு சீடரை "அண்ணாச்சி" என்றாள். சீடர் குருவை "டீச்சர்" என்றார். இருவருக்குமே அதில் ஒரு குறையும் இல்லை.

குருவின் பெயர் உலகம்மை. பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில், கதை என்று எதுவும் இல்லாத சின்னச் சின்னப் படங்களை எடுக்கச் சொல்லிக்கொடுத்தாள். சீடர் ஞானதுரை கல்யாண வீடியோக்காரர். ஊரில் பாதிக் கல்யாணப் பெண்கள் அவர் "சிரிம்மா" என்றதும் சிரித்தவர்கள். "இப்ப அம்மாவைப் பாத்து அழும்மா" என்றதும் அழுதவர்கள்.

முதல் நாள் உலகம்மை தன் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். மின்விசிறி சுற்றுகிறது. ஒன்று இரண்டாகத் தெரிகிறது, கலங்குகிறது, மறுபடி ஒன்றாகிறது. எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல ஒரு பெண் குரல், "கஞ்சி குடிக்கியா?" என்கிறது. விசிறி சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"பொண்ணு எப்ப வருவா?" என்றார் ஞானதுரை.

"எந்தப் பொண்ணு?"

"படத்துல வார பொண்ணு."

"யாரும் வர மாட்டாங்க அண்ணாச்சி. இது காய்ச்சல்ல கிடக்கிற ஆளோட கண்ணு."

ஞானதுரை தன் உள்ளங்கை தன் நெற்றியில் இருப்பதை அப்போதுதான் கவனித்தார். முடியை ஒதுக்கத்தான் கையைத் தூக்கியதுபோல ஒதுக்கிக்கொண்டார்.

அவர் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மகள் பெனிட்டாவுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அப்புறம் அவள் நாக்பூர் போய்விடுவாள். வாயால் சொல்ல வராததை ஒரு குட்டிப் படமாக எடுத்து வரவேற்பில் போட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்குள் மகள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தாள்: "எப்பா, என் கல்யாணத்துல நீங்க கேமராவைத் தொடக் கூடாது."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. 

"ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் எடுத்தேன். சொந்தப் பிள்ளைக்கு என் வேலை பிடிக்கல," என்றார். "போகட்டும். மனசுக்குள்ள கிடக்கத எப்படி டீச்சர் படம் எடுக்கது?"

உலகம்மை ஒரு சின்னக் கேமராவை அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"உங்க பொண்ணைப் படம் எடுத்துட்டு வாங்க. ஆனா முன்னால நிக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

"சிரிம்மான்னு கூடவா?"

"கூடாது."

"கழுத்தை மட்டும் லேசா…"

"அண்ணாச்சி."

மறுநாள் அவர் மாடிப்படி ஏறி வந்த சத்தத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

"போச்சு டீச்சர். மகளை சர்ச்சுக்கே கூட்டிட்டுப் போயி, அவ நடந்து வாரத அருமையா எடுத்தேன். ஒண்ணும் பதியல."

"என்ன ஆச்சு?"

"என் பழைய கேமராவுல பட்டனை அமுக்கினா டக்குன்னு கேக்கும். இது மூச்சே விடல. அமுங்கலையோன்னு இன்னொரு அமுக்கு அமுக்கிட்டேன். அதோட எல்லாம் ஏறுக்குமாறு. நான் எடுக்கும்போது அது தூங்கியிருக்கு. எடுத்து முடிச்சுத் தொங்கவிட்டா முழிச்சிருக்கு. அம்புட்டும் தரைதான். அழிச்சிரட்டுமா?"

"போடுங்க, பாப்போம்."

திரையில் சர்ச்சின் தரை கோணலாக வந்தது. ஞானதுரையின் வெறுங்கால்கள். பக்கத்தில் பெனிட்டாவின் கால்கள். கேமரா எங்கும் இடித்துவிடாமல் அவர் அணைத்துப் பிடித்திருந்த முழங்கை, ஓரத்தில் பெரிதாகத் தெரிந்தது. முகங்கள் இல்லை. குரல் மட்டும் கேட்டது.

ஞானதுரையின் குரல்தான். ஆனால் பேசியது ஞானதுரை அல்ல, பெனிட்டா.

"பொண்ணு, மெதுவா வா. தரையைப் பாத்து வா. ஏல லைட்டு, தூங்காத! மாப்ள மூஞ்சி இருட்டா இருக்கு பாரு!"

உலகம்மைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்படியே உரிச்சு வச்சிருக்காளே!"

"சின்னதுலேர்ந்தே அப்படித்தான், வாலு," என்றார் ஞானதுரை. முகத்தில் பெருமை தாங்கவில்லை.

திரையில் குரல் மாறியது. இப்போது அது, பெண்ணின் அப்பாவைக் கேட்கும் மூக்கடைத்த பாதிரியார் குரல். "இந்தப் பெண்ணை… ஒப்புக்கொடுக்கிறது… யார்?"

உடனே மறுபடி ஞானதுரை குரல். "ஒரு நிமிஷம் ஐயா! பேட்டரி மாத்திக்கிடுதேன்!"

உலகம்மை விழுந்து விழுந்து சிரித்தாள். ஞானதுரையும் சிரிக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஏனென்றால் திரையில் ஒரு கை வந்தது. வளையல் போட்ட கை. மணப்பெண் அப்பாவின் கையைக் கோத்துக்கொள்வதுபோல, அது முழங்கைக்குள் நுழையப் பார்த்தது. முழங்கை விலகியது.

"ஏ, பாத்து. கேமராவுல இடிச்சிராத." இது நிஜமான ஞானதுரை.

கால்கள் கொஞ்ச தூரம் நடந்தன. கை மறுபடி வந்தது. முழங்கை மறுபடி விலகியது. அப்புறமும் ஒரு முறை கை பாதி தூரம் வந்து நின்றது. என்ன நினைத்ததோ, கேமரா வாரின் தொங்கும் நுனியைப் பிடித்துக்கொண்டது. சந்தையில் அப்பாவின் சட்டை நுனியைப் பிடிக்கிற பிள்ளை மாதிரி. அவள் நடக்க நடக்கப் படம் லேசாக ஆடியது.

"திரும்பப் போடுங்க டீச்சர்."

போட்டாள். கை வந்தது. முழங்கை விலகியது. ஞானதுரை தன் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடையதோ போல.

"நான் இதைப் பாக்கவே இல்லையே."

"அப்ப என்ன பாத்துட்டு இருந்தீங்க?"

"ஜன்னல் வெளிச்சம் நல்லாருக்கான்னு."

 கீழே தெருவில் ஒருவன் உப்பு விற்றுக்கொண்டு போனான்.

"டீச்சர், இதையே வரவேற்புல போட்டுரலாமா?"

"படம் இன்னும் முடியலையே, அண்ணாச்சி."

"மீதி எங்க கெடக்கு?"

"ஞாயித்துக்கிழமை. சர்ச் வாசல்லேருந்து நீங்க அவளைக் கூட்டிட்டு உள்ள போற வரைக்கும்." உலகம்மை கையை நீட்டினாள். "எடுக்கப்போறது நான்."

ஞானதுரை கழுத்திலிருந்து வாரைக் கழற்றினார். பச்சைப் பிள்ளையைக் கொடுப்பதுபோலக் கேமராவை அவள் கையில் வைத்தார். வைத்த பிறகு, தன் இரண்டு கைகளையும் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் கட்டினார். முன்னால் கொண்டுவந்தார். கடைசியில் இடது முழங்கையை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒருவர் கை நுழைகிற அளவுக்கு வைத்துப் பார்த்தார்.

"நான் எங்க பாக்கணும், டீச்சர்?"

உலகம்மை லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கழுத்தை லேசாத் தூக்கிக்கிடணுமோ?"

துடைத்து முடித்து ஊதினாள்.

"அப்ப சிரிக்கணுமா? அழணுமா? அதையாவது சொல்லுங்க."

"நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், அண்ணாச்சி."