கட்டியக்காரருக்குப் பின்னால் ஒரு பந்தய மோட்டார்

மோட்டார் வண்டிகள் நம் பக்கம் புதிதாக ஓடத் தொடங்கிய காலம். ஆனைவயல் என்று ஒரு சமஸ்தானம். பெயர்தான் சமஸ்தானம், அரண்மனையில் பலமாகத் தும்மினால் எல்லைச் சாவடிக்காரன் திரும்பிப் பார்ப்பான். ஆனால் ராஜா கஜேந்திர பூபதிக்குப் பட்டங்கள் மட்டும் ஏராளம். அவர் எங்கே புறப்பட்டாலும், நந்தவனத்துக்கே போனாலும், கட்டியக்காரர் வேலப்பர் வெள்ளித்தடியோடு முன்னால் போய் அந்தப் பட்டங்களை முழங்க வேண்டும். பரம்பரை வழக்கம் அது.

இப்பேர்ப்பட்ட ராஜாவுக்குப் பந்தய மோட்டார் மேல் ஆசை வந்துவிட்டது!

சென்னைப் பட்டணத்து மோட்டார் வியாபாரி சபாபதி முதலியார் ஒரு வண்டியை ரயிலில் ஏற்றி வந்து முற்றத்தில் நிறுத்தினார். நல்ல சிவப்பு. நீண்ட மூக்கு. இரண்டே இருக்கை. ராஜா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் சுற்றச் சுற்ற, முதலியாரின் மனசுக்குள் விலை ஏறிக்கொண்டே போனது.

"பன்னிரண்டாயிரம் ரூபாய், மகாராஜா" என்றார் கடைசியில்.

ராஜா பேரம் பேசினால் கௌரவம் என்ன ஆவது? சபையில் கஜானாவையும் கவனித்து, ராஜாவையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த தாண்டவராயரைத் தனியே அழைத்தார்.

"கஜானாவில் எவ்வளவு இருக்கிறது?"

"சரியாகப் பன்னிரண்டாயிரம். ஆனால் அதில் ஏழாயிரம் உடைந்த ஏரிக்கரையை அடைக்க வைத்தது, மகாராஜா."

"ஏரி எங்கே ஓடிவிடப் போகிறது? அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"ஏரி ஓடாது மகாராஜா. தண்ணீர் ஓடிவிடும்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கண் மோட்டார் மேலேயே இருந்தது. "அப்படியானால் இன்றைக்குள் ஐயாயிரத்துக்கு முடித்துக் கொடும். முடியாவிட்டால் ஏரிப் பணத்தில் கை வைப்பேன்."

போன மழையில் கரை உடைந்து பாதி ஊர் பட்டினி கிடந்தது. இந்த வருஷம் கட்டாயம் அடைத்துவிடுவோம் என்று குடியானவர்களுக்கு வாக்குக் கொடுத்தவரே தாண்டவராயர்தான்.

நேரே முதலியாரிடம் போனார்.

"ஏன் முதலியாரே, நாலு சக்கரமும் கொஞ்சம் தகரமும். இதற்கா பன்னிரண்டாயிரம்?"

முதலியார் முற்றம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். "தகரத்துக்கா விலை? வேகத்துக்கு ஐயா, வேகத்துக்கு! ராஜாவை ஏற்றிக்கொண்டு இந்த ஊர் வீதியில் நான் ஓட்டிக் காட்டுகிறேன். எந்த வண்டியாவது இதை முந்தட்டும். அந்த வண்டியின் விலைக்கே இதைக் கொடுத்துவிட்டுப் போகிறேன்!"

"சொன்ன சொல் மாறமாட்டீரே?"

"சபாபதிக்கு ஒரே நாக்கு!"

"சரி, புறப்படும்" என்றார் தாண்டவராயர்.

ராஜா ஏறி உட்கார்ந்தார். இயந்திரம் உறுமியது. முதலியார் மீசையை முறுக்கிக்கொண்டு வண்டியை நகர்த்தினார். அவ்வளவுதான், வேலப்பர் வெள்ளித்தடியோடு வந்து வண்டிக்கு முன்னால் நின்றார்.

"பராக்! பராக்! ஆனைமுகம் கண்டு அஞ்சாத அதிவீர சூர..."

முதலியார் ஹாரனை அமுக்கினார். வேலப்பர் திரும்பவில்லை. அவருக்கு இரண்டு முழங்காலிலும் வாதம். பத்தடி நடப்பார், நின்று ஒரு பட்டம் சொல்வார், இருமுவார், மறுபடி நடப்பார்.

"ஐயா, அவரைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லுங்கள்!" என்று முதலியார் கத்தினார்.

வெற்றிலை மென்றபடி வண்டிக்குப் பக்கத்திலேயே சாவகாசமாக நடந்து வந்த தாண்டவராயர் காதைப் பொத்திக்கொண்டார். "ஒதுங்குவதா? கட்டியம் முன்னால் போகாமல் எங்கள் ராஜா ஓர் அடி நகர்ந்ததில்லை, முதலியாரே."

வண்டியின் மூக்கிலிருந்து புகை கிளம்பியது. முதலியாருக்கு நெற்றியில் வேர்த்தது. அந்த நேரம் பார்த்து வாய்க்கால் ஓரமாக ஒரு வைக்கோல் வண்டி வந்தது. வண்டிக்காரன் எழுந்து நின்று ராஜாவுக்குக் கும்பிடு போட்டான். மாடுகள் நிற்கவில்லை. மோட்டாரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன.

"வண்டி என்ன விலைப்பா?" என்று குரல் கொடுத்தார் தாண்டவராயர்.

"நூத்தம்பது சாமி, மாட்டோட சேத்து!"

"ஐயா, நான் பிள்ளைகுட்டிக்காரன்!" என்று முதலியார் அலறிவிட்டார்.

"பயப்படாதீர். எங்கள் ராஜா யார் வயிற்றிலும் அடிக்கமாட்டார். ஐயாயிரம் வாங்கிக்கொள்ளும்."

முதலியார் இரண்டு கையையும் நீட்டினார். அதிலும் அவருக்குக் கொஞ்சம் லாபம் நின்றது. அதை அவர் சொல்லவில்லை, தாண்டவராயரும் கேட்கவில்லை.

பணம் கைமாறியது. ஆனால் ராஜாவின் முகம் தொங்கிப் போயிருந்தது. "ஏரி பிழைத்தது, வண்டியும் வந்தது. இனி ஆயுசு முழுக்க நான் வேலப்பர் முதுகைப் பார்த்துக்கொண்டா போகவேண்டும்?"

"கட்டியக்காரர் முன்னால் போகவேண்டும் என்பதுதானே வழக்கம், மகாராஜா? நடந்துதான் போகவேண்டும் என்று யார் சொன்னார்கள்?"

வண்டியின் மூக்கில் ஒரு மெத்தையைப் போட்டார்கள். வேலப்பரைத் தூக்கி உட்காரவைத்துப் பட்டு அங்கவஸ்திரத்தால் இறுக்கிக் கட்டினார்கள். ராஜா ஏறிக்கொள்ள, முதலியாரே வண்டியைக் கிளப்பினார். "பராக்!" என்று அரண்மனை வாசலில் வாயைத் திறந்த வேலப்பர், அதை மூடும்போது எல்லைச் சாவடியைத் தாண்டியிருந்தார்.

திரும்பி வந்த ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயருக்குப் போட்டார்.

முதலியாருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ரயிலுக்குக் கிளம்பும்போது அருகில் வந்து குறைப்பட்டுக்கொண்டார். "இந்த மெத்தை யோசனையை ஓட்டிக் காட்டும்போதே சொல்லியிருக்கக் கூடாதா, ஐயா?"

"சொல்லியிருக்கலாம் முதலியாரே" என்றார் தாண்டவராயர். "ஆனால் அந்த மெத்தை எங்களுக்கு ஏழாயிரம் ரூபாய் ஆகியிருக்குமே!"