கொண்டி போட்ட படல்

மலையடிவாரத்து மடத்தில் ஏகாம்பரம் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. குரு பொன்னம்பலச் சாமி அவரைவிட இளையவர். அதைப் பற்றி இருவருமே அலட்டிக்கொள்ளவில்லை.

ஏகாம்பரம் ஆயுசு முழுக்க லாரிக்குப் பாடி கட்டியவர். போன ஐப்பசியில் மலைக்கோயிலுக்கு நடந்து வந்த வழியில் மனைவி வள்ளியாத்தாளுக்குக் காய்ச்சல் கண்டு நினைவு தப்பிவிட்டது. கொட்டும் மழையில் அவளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடிவந்து இந்த மடத்துக்குள் விழுந்தார். அவள் பிழைத்துக்கொண்டாள். இப்போது மடத்து அடுப்படியில் அவள் வைத்ததுதான் சட்டம்.

பாவம், மனிதருக்கு நன்றி சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை.

“சாமி, உங்க கால்ல விழுந்தா ‘நான் என்ன செஞ்சேன்’னு நகர்ந்துக்கறீங்க. ஆண்டவனைக் கும்பிட்டும் மனசு ஆறலை. யாருக்குத்தான் நன்றி சொல்றது? சொல்லாம சோறு இறங்க மாட்டேங்குதுங்க.”

“வேலிப் படல் கரையான் அரிச்சு விழுந்து கெடக்கு. முதல்ல அதைக் கட்டுங்க.”

ஏகாம்பரத்துக்குச் சொல்லவா வேண்டும்! வேப்பம்பலகை அறுத்தார், இழைத்தார், ஆணி அடித்தார். பழைய படலில் தாழ்ப்பாளே கிடையாது. கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தள்ளினால் திறக்கும், விட்டால் தானே மூடிக்கொள்ளும்.

“இதெல்லாம் ஒரு வேலையா?” என்று கல்லை ஓரமாகத் தூக்கிப் போட்டார். லாரியின் பின்கதவுக்கு மாட்டுகிற இரும்புக் கொண்டியை வாங்கி வந்து மாட்டினார். யானை முட்டினாலும் அசையாது.

சாமி வந்து தட்டிப் பார்த்தார். “நல்லா இருக்கு. வெளியே வாங்க.”

வந்தார். சாமி படலைச் சாத்திக் கொண்டியைப் போட்டார். பிறகு ஒரு நெல் மூட்டையைத் தூக்கி ஏகாம்பரத்தின் இரண்டு கையிலும் வைத்தார்.

“திறங்க.”

“கை காலியில்லையே சாமி.”

“கீழே வைக்காம திறங்க.”

ஏகாம்பரம் முழங்கையால் நெம்பினார், முட்டியால் இடித்தார். கொண்டி அசைந்தால்தானே! மூச்சு வாங்கியது.

உள்ளேயிருந்து வள்ளியாத்தாளின் குரல் வந்தது. “என்னங்க, அங்க என்ன பண்றீங்க? கஞ்சி ஆறுது!”

அந்தக் குரலைக் கேட்டதும் ஏகாம்பரம் அப்படியே நின்றுவிட்டார். அன்றைக்கு மழையில் அவர் படலைக் கையால் தொடவே இல்லை. தோள் பட்டது, திறந்தது. அங்கே ஒரு படல் இருந்தது என்பதையே அவர் கவனித்திருக்கவில்லை.

கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவும் கை இல்லை.

“சாமி, அந்தப் பழைய படலைக் கட்டினது யாருங்க?”

“தெரியலை. நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்தது. கையில சுமையோட வந்து நின்ன யாரோ ஒருத்தர்.”

“பேரு தெரியாத, முகம் தெரியாத ஆளுக்கு எப்படிங்க நன்றி சொல்றது?”

சாமி மூட்டையை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

“கல்லு அந்த ஓரத்துலதான் கெடக்குதுங்க.”