களிமண்ணில் வாங்கிய சம்மதம்

முன்னொரு காலத்தில், பாதி காடும் பாதி வயலுமாகக் கிடந்த ஒரு நாட்டைச் செண்பகராயர் என்ற அரசர் ஆண்டுவந்தார். அவர் சபையில் விகடம் செய்யும் வேலை பொன்னுரங்கனுக்கு. ஆனால் இரண்டு வருடமாக அவனுக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிருந்தது. அவன் என்ன சொன்னாலும் அரசர் சிரிப்பதில்லை.

ஒரு பங்குனி மாதத்தில் பிரசவத்தில் ராணியும் இறந்தாள், பிறந்த ஆண் குழந்தையும் இறந்தது. கருமாதி முடிந்த மறுநாளே அரசர் வில்லை எடுத்தார். அன்றிலிருந்து தினமும் வேட்டைதான். விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புவார். வண்டி வண்டியாக மானும் காட்டெருமையும் வரும். ஒரு துண்டு இறைச்சியைக்கூட அவர் வாயில் வைத்ததில்லை. தொட்டில் தொங்கிய அந்த அரண்மனையில் பகல் பொழுதைக் கழிக்க முடியாமல்தான் காட்டுக்கு ஓடுகிறார் என்பது பொன்னுரங்கனுக்குத் தெரியும். மனிதனின் துக்கத்தை மான் ஏன் சுமக்க வேண்டும் என்றுதான் அவனுக்குப் புரியவில்லை.

மூன்றாம் பங்குனி நெருங்கியது. பதினைந்து நாள் பெருவேட்டைக்கு அரசர் ஆணையிட்டார். வேட்டைத் தலைவர் சூரப்பர் மீசையைத் தடவிக்கொண்டார். அரசருக்கு நெருக்கமாக இருந்த விகடகவி ஒதுங்கியதும், தாம் நெருங்கியதும் இந்த இரண்டு வருட வேட்டையால்தானே!

பொன்னுரங்கன் எழுந்து கைகூப்பினான்.

“மகாராஜா, நெல்லுக்கு ஒரு பருவம் உண்டு. வேட்டைக்கும் ஒரு பருவம் வேண்டாமா? இது காட்டு உயிர்கள் குட்டி போடும் காலம்.”

“அப்படியானால் வேட்டைக்கு நீயே சட்டம் எழுது” என்றார் அரசர் அலுப்போடு.

சூரப்பர் சட்டென்று முன்னால் வந்தார். “எழுதட்டும், மகாராஜா. ஆனால் நம் நாட்டு வழக்கம் ஒன்று உண்டு. நெசவாளர்க்கு ஆணை என்றால் நெசவாளர் ஒப்பமிட வேண்டும். உழவர்க்கு ஆணை என்றால் உழவர் ஒப்பமிட வேண்டும். இந்தச் சட்டம் யாரையெல்லாம் கட்டுமோ அவர்கள் சம்மதத்தை விகடர் வாங்கி வரட்டும். பௌர்ணமிக்குள் வராவிட்டால் வேட்டை நடக்கும். விகடரும் இந்தச் சபையை மறந்துவிட வேண்டும்.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் அரசர்.

பொன்னுரங்கன் ஓலையில் சட்டத்தை எழுதினான். மாசி முதல் ஆடி முடிய வேட்டை கூடாது. மற்ற மாதங்களில் அரண்மனை முத்திரை ஓலை உள்ளவரே வேட்டையாடலாம். ஓர் ஓலைக்கு ஒரு விலங்கு. குட்டியோடு திரிவதை எவரும் தொடக்கூடாது. அதை எடுத்துக்கொண்டு வேடர் தெருவுக்குப் போனான். சூரப்பர் முன்னாலேயே ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். ஒருவரும் எழுத்தாணியைத் தொடவில்லை.

“எங்ககிட்ட ஏன்யா வந்தீரு?” என்றான் ஒரு வேடன், அம்பைத் தீட்டியபடியே. “மானுக்குத்தானே இம்புட்டு பரிஞ்சு பேசுறீரு? போயி மானுகிட்ட ஒப்பம் வாங்கும்!”

தெருவே சிரித்தது. பொன்னுரங்கனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, அந்த வேடனைப் பார்த்துக் கும்பிட்டான். “நல்லா இருப்பே அப்பா. வழி காட்டினே.”

குயவரிடம் ஒரு வண்டி களிமண் வாங்கி, பலகைகளில் அப்பி, மலையடிக் குளத்துக்குக் கொண்டுபோனான். அங்கே தேன் எடுக்கும் செம்பி தன் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சாமி, காட்டுக்குள்ள வந்து பானை செய்யப் போறீகளா?”

“ஒப்பம் வாங்க வந்தேன் தாயி. எழுதத் தெரியாதவர் குறி இடலாம், அவரைத் தெரிந்த ஒருவர் சாட்சி சொல்லலாம் என்பதும் நம் வழக்கம்தானே? குறி அவங்க இடட்டும். சாட்சி நீ சொல்லு.”

செம்பி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “பைத்தியம்தான். ஆனா கெட்ட பைத்தியமா தெரியல” என்று சொல்லிவிட்டு, எந்த விலங்கு எந்த வழியாகத் தண்ணீருக்கு இறங்கும் என்று காட்டினாள்.

விடியற்காலையில் வந்து பார்த்தால் ஈரக் களிமண்ணில் குளம்புகள் பதிந்திருந்தன. காட்டெருமை, புள்ளிமான், மிளா மான் என்று ஒவ்வொன்றாகச் செம்பி பெயர் சொன்னாள். பெரிய பலகையில் மட்டும் ஒரு சின்னக் குளம்பு சுற்றிச் சுற்றி வந்திருந்தது.

“மிளாக்குட்டி. இதோட ஆத்தா இந்த எடத்துலதான் விழுந்துச்சு. குட்டி எங்கயும் போக மாட்டேங்குது.”

புதர் ஓரத்தில் அது நின்றது. கால்கள் நடுங்கின. செம்பி ஆட்டுப்பால் கறந்து தந்தாள். பொன்னுரங்கன் தன் அங்கவஸ்திரத்தின் நுனியை அதில் நனைத்து நீட்டினான். முதல் நாள் அது கிட்டவே வரவில்லை. இரண்டாம் நாள் நுனியைச் சப்பியது. மூன்றாம் நாள் அவன் உள்ளங்கை வியர்வையின் உப்பை நக்கியது. “ரங்கா, இதை மட்டும் காப்பாற்று” என்று அவன் தன் தெய்வத்திடம் வேண்டிக்கொண்டான்.

நான்காம் நாள் அந்தப் பெரிய பலகையின் குளிர்ந்த களிமண்ணில் அது சுருண்டு கிடந்தது. உயிர் இல்லை. பொன்னுரங்கன் அதைத் தூக்கிப் புதைத்தான். செம்பி பலகையை எடுக்கக் குனிந்தாள். “இதையும் கொண்டுபோங்க சாமி. இதுவும் குறிதான்.”

பௌர்ணமியன்று சபையில் பலகைகளை வரிசையாக வைத்தார்கள். சூரப்பர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“விகடரே, வேடர் ஒப்பம் எங்கே?”

“சட்டம் யாரையெல்லாம் கட்டுமோ அவர்கள் என்றுதானே சொன்னீர்கள்? இந்தச் சட்டத்தில் வேடருக்குக் கை மட்டும்தான் கட்டுப்படுகிறது. இவர்களின் உயிரே இதில் கட்டுப்பட்டிருக்கிறது. அதனால் இவர்களிடமே போனேன். எழுதத் தெரியாதவர்கள், குறி இட்டிருக்கிறார்கள். சாட்சியும் வந்திருக்கிறாள்.”

செம்பி ஒவ்வொரு பலகையாகக் காட்டினாள். “இது ஒத்தைக் கொம்பன் காட்டெருமை. வலது பின்னங்கால் நொண்டும். இது மூணு புள்ளிமானுங்க, அக்கா தங்கச்சிக. நடுவுல உள்ளது கொஞ்சம் கர்வம் புடிச்சது, பாருங்க எப்படி அழுத்தி மிதிச்சிருக்குன்னு!”

அரசரின் உதடு அசைந்தது. பிறகு சத்தமாகவே சிரித்துவிட்டார். இரண்டு வருடத்தில் முதல் சிரிப்பு. சபை அதிசயித்துப் பார்த்தது. சிரித்தபடியே இறங்கி வந்தவர் கடைசிப் பலகை முன் நின்றார்.

“இதில் சின்னக் குளம்புகளுக்கு நடுவே ஏதோ பள்ளம் அல்லவா இருக்கிறது?”

செம்பிதான் சொன்னாள். “குட்டி படுத்த எடம்ங்க. மிளாக்குட்டி. தாயில்லாம நாலு நாள் தாங்கிச்சு. காது கிழிஞ்ச மிளாவை நீங்க எய்தீகளே, அதோட குட்டி.”

அரசர் மண்டியிட்டார். காய்ந்த மண்ணில் சின்ன முதுகின் வளைவும், மடங்கிய கால்களின் தடமும் இருந்தன. அதன் நீளத்தைக் கையால் அளந்தார். ஒரு முழம், அதற்கு மேல் நான்கு விரல்.

“இவ்வளவுதான் இருந்தான்” என்றார்.

யார் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடம் அழாத மனிதர் அந்தப் பலகையின் மேல் குனிந்து அழுதார். பொன்னுரங்கன் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அவன் செய்ததெல்லாம் அவ்வளவுதான்.

சூரப்பர் மெல்லத் தொண்டையைச் செருமினார். “இருந்தாலும், மகாராஜா, வேடர் ஒப்பம்...”

பொன்னுரங்கன் ஈரத்துணி போர்த்திய இன்னொரு பலகையை எடுத்து வைத்தான். “ஒரு குறிக்கு இடம் விட்டிருக்கிறேன். மண் காயாமல் கொண்டுவந்தேன்.”

“இந்த நாட்டின் முதல் வேடன் நான்தான், சூரப்பரே” என்று சொல்லி அரசர் தம் உள்ளங்கையை அந்த மண்ணில் பதித்தார். அதன் பிறகு வேடர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சூரப்பரின் கை கடைசியாக வந்தது. அன்று முதல் அந்தச் சட்டம் நாட்டில் நின்றது.

“உனக்கு என்ன வேண்டும், பொன்னுரங்கா? கேள்.”

“ஒரு மூட்டை உப்பு, மகாராஜா. குளத்துப் பாறையில் வைக்க. அவர்கள் ஒப்பம் போட்டதற்கு நாம் ஒன்றும் தரவில்லையே.”

ஈரக் கண்ணோடு அரசர் மறுபடியும் சிரித்தார். “மூட்டையை நான் சுமக்கிறேன். நீ வழி காட்டு.”

அடுத்த பங்குனியில் அரசர் வில் இல்லாமல், பொன்னுரங்கனோடு குளக்கரையில் உட்கார்ந்திருந்தார். அது ராணியும் குழந்தையும் இறந்த நாள். எதிர்ப்பாறையில் ஒரு மிளா தன் குட்டியோடு உப்பை நக்கிக்கொண்டிருந்தது. அவை நக்கி முடித்துக் காட்டுக்குள் போகும் வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.