உறுமக் கற்றுக்கொண்ட சாம்பன்

இன்றைக்குச் சோளம் விளைகிற இந்த மேட்டு நிலமெல்லாம் அடர்ந்த காடாக இருந்த காலத்தில், செங்கோடன் என்று ஒரு ராஜா இருந்தான். அவன் நாடு பெரியதல்ல. காலையில் கஞ்சி குடித்துவிட்டு நடந்தால் மதியத்துக்குள் எல்லைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனாலும் பெருமைக்குக் குறைச்சல் இல்லை. அதிலும் தன் நாயைப் பற்றித்தான் அவனுக்கு அதிகப் பெருமை.

நாயின் பெயர் சாம்பன். சாம்பல் நிறம், நீண்ட கால்கள். கண் திறக்காத குட்டியாக வந்ததை ராஜாவே பாலூட்டி வளர்த்தான். ஆசையாகத்தான் வளர்த்தான், அதில் பொய் இல்லை.

ஆனால் விருந்தாளிகள் வந்தால் ராஜா ஒரு வேடிக்கை காட்டுவான். சாம்பனுக்கு நல்ல எலும்பாகப் பார்த்துப் போடச் சொல்வான். அது கடிக்க ஆரம்பித்ததும் எலும்பைப் பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவான். “பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்!” என்பான். விருந்தாளிகள் கை தட்டுவார்கள். ராஜா வீட்டில் சாப்பிட வந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

முதல் தடவை பிடுங்கியபோது சாம்பன் உறுமியது. பிரம்படி விழுந்தது. இரண்டாம் தடவை கொஞ்சம் மெதுவாக உறுமியது. அப்போதும் பிரம்படி விழுந்தது. மூன்றாம் தடவை அது உறுமவே இல்லை. ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு நாய் சுற்றுவட்டாரத்தில் யாரிடம் இருக்கிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டான்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நாய் உறுமுவதைத்தான் நிறுத்தியது. பயப்படுவதை நிறுத்தவில்லை. அது ராஜாவுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் ராணியின் அண்ணன் விருந்துக்கு வந்தான். தானும் அந்த வேடிக்கையைச் செய்து பார்க்க ஆசைப்பட்டு எலும்பின்மேல் கை வைத்தான். சாம்பன் சத்தமே போடாமல் அந்தக் கையைக் கவ்வியது. இரண்டு விரல்கள் கிழிந்து தொங்கின.

ராணி அழுதாள். மைத்துனன் கத்தினான். மறுநாள் உச்சிப்பொழுதில் நாயை ஈட்டியால் குத்திக் கொல்லச் சொல்லி ராஜா உத்தரவு போட்டான். போட்டுவிட்டு அன்றைக்குச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

அரண்மனைச் சமையற்கட்டுக்குக் கருவாடு கொண்டுவருகிறவள் இருளாயி. மறுநாள் காலையில் வந்தவள், தூணில் கட்டிக் கிடந்த சாம்பனைப் பார்த்தாள். குட்டியாக இருந்தபோது அவள் கூடைக்குள் தலையை விட்டுத் திருடித் தின்ற நாய் அது. உச்சிப்பொழுதில் அதைக் கொல்லப்போகிறார்கள் என்று சமையற்காரர்கள் சொன்னார்கள். கூடையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே ராஜாவின் முன்னால் போய் நின்றாள்.

“சாமி, இத கொல்லாதீங்க.”

“கடிச்ச நாய மடியில வச்சுக் கொஞ்சச் சொல்றியா?”

“கடிச்சது தப்புதான் சாமி. ஆனா எந்த நாயும் கடிக்கிறதுக்கு முன்னாடி ‘வேணாம்’னு உறுமும். இந்த நாய்க்கு அந்தக் குரல் எங்க போச்சு? அடிச்சுத் தொரத்துனது யாரு? எனக்குக் கொஞ்ச நாள் குடுங்க சாமி, நான் இதச் சரி பண்றேன்.”

ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் நாய் பிழைக்க வழி இருக்கிறதென்று ஒருத்தி சொன்னது அதைவிடப் பெரிதாகப் பட்டது.

“ஒரு மண்டலம் தர்றேன். நாப்பத்தெட்டாம் நாள், அது தின்னுக்கிட்டு இருக்கும்போது நான் கிட்டப் போவேன். கடிச்சுதுன்னா நாய் உசுரோட இருக்காது. நீயும் நாட்ட விட்டுப் போயிரணும்” என்றான்.

இருளாயி தலையை ஆட்டினாள்.

அவளிடம் மந்திரமும் கிடையாது, மூலிகையும் கிடையாது. ஒரு கூடை நெத்திலிக் கருவாடு இருந்தது. அதை உப்புப் போக அலசி எடுத்துக்கொண்டாள். சாம்பன் சாப்பிடும்போது பத்தடி தள்ளி நின்று ஒரு நெத்திலியைத் தட்டில் எறிவாள். எறிந்துவிட்டுப் போய்விடுவாள். சில நாள் கழித்து ஐந்தடியில் நின்று எறிந்தாள். அதற்கப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து கையாலேயே வைத்தாள். பிடுங்க வருகிற கைகளையே பார்த்திருந்த நாய், வைக்க வருகிற கையை அப்போதுதான் பார்த்தது.

நடுவில் சாம்பனின் காது பின்னால் மடிந்தாலோ உடம்பு விறைத்தாலோ இருளாயி உடனே இரண்டடி பின்னால் போய்விடுவாள். அதட்டமாட்டாள். இருபதாம் நாள் அது தொண்டைக்குள் லேசாக உறுமியது. இருளாயிக்குக் கண் கலங்கிவிட்டது. “சொல்லிட்டியா ராசா!” என்று பின்னால் நகர்ந்தாள். சமையற்காரர்கள் இவளுக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று பேசிக்கொண்டார்கள்.

நாற்பத்தெட்டாம் நாள் சபை கூடியது. சாம்பன் நடுவில் நின்று தின்றுகொண்டிருந்தது. முதலில் சேனாதிபதி கிட்டே போனார். வால் ஆடியது. அடுத்து மந்திரி போனார். வால் ஆடியது. மூன்றாவதாக ராஜா போனான். வால் நின்றது. சாம்பன் தலையைத் தாழ்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி உறுமியது.

“தோத்துட்டா! இருளாயி தோத்துட்டா!” என்று மைத்துனன் துள்ளினான். ராஜாவின் கை பிரம்பைத் தேடியது.

“சாமி, கடிச்சுதா?” என்று கேட்டாள் இருளாயி.

“இல்ல. உறுமுது.”

“ஒரு மண்டலமா அது கத்துக்கிட்டது இதுதான் சாமி. ‘உங்கள நெனச்சா இன்னும் பயமா இருக்கு, கொஞ்சம் தள்ளி நில்லுங்க’ங்குது. நீங்க தள்ளி நின்னா அது எதுக்குக் கடிக்கப் போகுது?”

ராஜா நாயைப் பார்த்தான். தான் பாலூட்டி வளர்த்த நாய் தன்னைப் பார்த்துத்தான் நடுங்குகிறது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து யாருக்காகவும் பின்வாங்காதவன் ஓரடி பின்னால் போனான். உறுமல் குறைந்தது. இன்னும் ஓரடி போனான். உறுமல் நின்றது. இருளாயி கொடுத்த நெத்திலியை அங்கிருந்தே எறிந்தான். சாம்பன் அதைத் தின்றுவிட்டு, சின்னதாக ஒரு தடவை வாலை ஆட்டியது.

“நாயும் இருக்கட்டும், நீயும் இரு” என்றான் ராஜா. “நாளையிலேருந்து பத்தடியில நின்னு நானே எறியறேன்.”

சபை கலையப் போகும் நேரம். மந்திரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மகாராஜா, வடக்கு ஏரிக்கரை மூணு மாசமா கசியுது.”

“மூணு மாசமாவா? ஏன்யா அப்பவே சொல்லல?”

மந்திரி சாம்பனைப் பார்த்தார். ராஜாவும் பார்த்தான். “வேற யாருக்கு என்ன சொல்லணுமோ சொல்லுங்க. நான் தள்ளியே உக்காந்து கேக்கறேன்” என்றான். அன்றைக்குச் சபை முடியப் பொழுது சாய்ந்துவிட்டது. மழைக்கு முன்பே கரையை அடைத்தார்கள்.

இந்தக் கதை சொல்கிற நீதி இதுதான்: பயந்து உறுமுகிற வாயை அடித்து மூடினால் பயம் போகாது, நமக்குக் கிடைக்க வேண்டிய எச்சரிக்கைதான் போகும்.