எட்டு ஆணி

"ஊர் சத்தமெல்லாம் கேக்கு டீச்சர். கடலுக்கு அந்தப் பக்கம் மட்டும் ஊமையா இருக்கு."

கதவைத் திறக்கும்போதே மாசிலாமணி குறை சொன்னார்.

தூத்துக்குடியில் உப்பு லாரிகளுக்கு எடை போடுகிறவர் அவர். அக்கரை வானொலி ஒன்றின் தமிழ் ஒலிபரப்புக்கு இருபத்திரண்டு வருடமாகக் கடிதம் எழுதிய நேயர். இன்று மாலை ஆறரைக்கு அந்த நிலையத்தை மூடுகிறார்கள். அதற்குமுன் பழைய நேயர்களின் பெயரை வாசிப்பார்களாம். தன் பெயரை ஒருமுறை காதால் கேட்டுவிட வேண்டும் அவருக்கு.

ஜெபக்கனி டீச்சர் ரேடியோப் பைத்தியம். அவர் சொன்னபடி மரச்சட்டத்தில் செம்புக்கம்பியைப் பதினெட்டுச் சுற்று சுற்றி ஒரு ஏரியல் செய்திருந்தார் மாசிலாமணி. தெருவே வந்து பார்த்தது. மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"பாந்தமாத்தான் செஞ்சிருக்கீங்க அண்ணாச்சி. செவுத்துல எதுக்கு அடிச்சீங்க?"

"மொகம் கடலப் பாத்து இருக்கணும்லா. எட்டு ஆணி. புயலடிச்சாலும் அசையாது."

ரேடியோவில் உள்ளூர் நிலையத்தின் நாதஸ்வரம் வீட்டையே தூக்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் பத்துச் சுத்து போடட்டா டீச்சர்?"

"குறடு இருக்கா?"

கொடுத்தார்.

டீச்சர் எட்டு ஆணியையும் பிடுங்கினார். ஒவ்வொன்றுக்கும் மாசிலாமணிக்குப் பல் பிடுங்குகிற மாதிரி இருந்தது. சட்டத்தை உத்தரத்துக் கொக்கியில் கயிறு போட்டுத் தொங்கவிட்டு, ரேடியோவை அதன் பக்கத்தில் வைத்தார்.

"திருப்புங்க."

"எந்தப் பக்கம்?"

"நாதஸ்வரம் நிக்கிற பக்கம்."

மாசிலாமணி மெல்லத் திருப்பினார். சட்டத்தின் முகம் கடலைவிட்டு விலகி, தெற்கே இருந்த உள்ளூர் ஒலிபரப்புக் கோபுரத்தைப் பார்த்தது. கடல் பக்கம் அதன் ஓரம்தான் தெரிந்தது. நாதஸ்வரம் தேய்ந்து தேய்ந்து நின்றேபோனது.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருந்ததும் போச்சே டீச்சர். மணி ஆறேகாலாயிட்டு."

"கைய ஆட்டாதீங்க."

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல், யார் யாருடைய பெயரையோ நிதானமாக வாசித்தது.

"மொகத்தக் காட்டினப்ப வராதவ ஓரத்தக் காட்டினா வாராளே. இது என்ன கூத்து டீச்சர்?"

"மொகம் பாக்கிற பக்கம் அதுக்குச் செவிடு அண்ணாச்சி. ஓரந்தான் காது," என்று டீச்சர் உதட்டில் விரலை வைத்தார்.

"தூத்துக்குடியிலிருந்து இருபத்திரண்டு ஆண்டுகள் எழுதிவந்த நேயர் மாசிலாமணி அவர்கள்..."

மாசிலாமணியின் ஒரு கை சட்டத்தை விடவில்லை. மறு கையால், மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

"இருக்கேன்," என்றார்.