கிணற்றுக்கு ஒரு கயிறு

பேசத் தெரிந்த பொருள்களாகச் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தை நடத்திவந்தன. முகூர்த்த மாதம் நெருங்கும் வேளையில் கிணற்றுக் கயிறு இற்றுப்போனது. புதுக் கயிற்றுக்கு டெண்டர் விட்டார்கள்.

கவலையெல்லாம் வாளிக்குத்தான். நாற்பதடிக் கிணறு. கயிறு அறுந்தால் போகிறவள் அவள். அவளுக்கு முன்னால் இருந்த வாளி இன்னும் அடிச்சேற்றில்தான் கிடக்கிறாள்.

மூன்று உறைகள் வந்தன. தேர்வுக் குழுத் தலைவர் ரப்பர் ஸ்டாம்பு. உறைகளைப் பிரித்து வாசித்தவர் தராசு.

"நார்க்கயிறு, அடி பன்னிரண்டு ரூபாய். நைலான் கயிறு, கிலோ இருநூற்றைம்பது. சணல் சரடு, உருண்டை பத்து ரூபாய்."

"பத்துதான் கம்மி. சரட்டுக்கே குத்திடலாம்," என்றார் ஸ்டாம்பு.

வாளி குறுக்கே வந்தாள். "அண்ணே, ஒருத்தர் அடிக்குச் சொல்றாரு, ஒருத்தர் கிலோவுக்குச் சொல்றாரு, இவன் உருண்டைக்குச் சொல்றான். எப்படிண்ணே ஒண்ணாப் பார்க்கிறீங்க?"

"எண்ணைப் பாரும்மா. பத்து சின்னதா, பன்னிரண்டு சின்னதா?"

"அது பொட்டலம் கட்டுற சரடுண்ணே."

"குறைஞ்ச விலையை விட்டா ஆடிட்டர் என்னைக் கேப்பாரு. உன்னையா கேப்பாரு?"

"என்னைக் கேக்கணும்னா அவரு கிணத்துக்குள்ளதான் இறங்கணும்."

தராசு சிரிப்பை அடக்கியதில் இரண்டு தட்டும் ஆடின.

"குத்துறதுக்கு முன்னே ஒரு தடவை எனக்குள்ள உக்காருங்கண்ணே," என்றாள் வாளி. "சரடு நம்ம ரெண்டு பேரையும் இறக்கட்டும்."

நாலு பேர் பார்க்க மறுப்பதெப்படி? ஸ்டாம்பு ஏறி உட்கார்ந்தார். சரடு வாளியின் பிடியில் முடிச்சானான். கப்பி அரைச் சுற்று சுற்றியது. சரட்டில் ஒரு இழை பட்டென்று விட்டது.

"தம்பி," ஸ்டாம்பின் குரல் மெலிந்திருந்தது. "நீ எவ்வளவு கனம் தாங்குவே?"

"இதுவரைக்கும் அரைக் கிலோ மிக்சருங்கய்யா."

"கப்பி, மேலே தூக்கு."

இருபது வருஷ உத்தியோகத்தில், டெண்டர் போட்ட ஒருவரிடம் ஸ்டாம்பு கேட்ட முதல் கேள்வி அது.

தரை தொட்டதும் ஸ்டாம்பு டெண்டர் விதியை மாற்றினார். ஒரே எடையில் மூன்று கல், தராசே நிறுத்துக் கொடுப்பார். ஆளுக்கு இருபது தடவை தூக்க வேண்டும். தாங்கியவர்களுக்கு மட்டும் நாற்பதடிக்கு மொத்தம் என்ன ஆகும் என்று பார்ப்பது.

வாளி மெல்ல ஸ்டாம்பிடம் நகர்ந்தாள். "அண்ணே, நைலானுக்கு மட்டும் இந்தச் சோதனை வேண்டாமே. பளபளன்னு இருக்காரு, மரியாதையாப் பேசுறாரு. அந்த நார்க்கயிறு தாடியும் பிசிறுமா, பக்கத்துல வந்தாலே அரிக்குது."

"அவரும் கல்லைத் தூக்கட்டும்மா."

சரடு முதல் தடவையே அறுந்தான். நைலானின் முடிச்சு ஏழாவது தடவை வழுக்கிக் கழன்றது. கிணற்றுக்குள்ளிருந்து 'தொபுக்' என்று சத்தம் வந்தது. நார்க்கயிறு முனகிக்கொண்டே இருபதையும் முடித்தார்.

ஸ்டாம்பு குத்தினார். நார்க்கயிறு வந்து வாளியின் பிடியைச் சுற்றிக்கொண்டார்.

"அரிக்குதாம்மா? கொஞ்சம் தளர்த்திக்கட்டுமா?"

வாளி கிணற்றை எட்டிப் பார்த்தாள்.

"வேண்டாங்க. இன்னொரு சுத்து சுத்திக்கோங்க."